மின்சார மோட்டாரும் ஏழையின் வரியும்

மோட்டார் வண்டிகள் பெட்ரோலை விட்டு மின்சாரத்துக்கு மாறவேண்டும் என்பதில் நமக்கு ஆட்சேபம் கிடையாது. நம் நாடு உபயோகிக்கும் கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் அந்நிய நாடுகளிலிருந்து வருகிறது. பாரசீக வளைகுடாவில் பீரங்கி முழங்கினால் தஞ்சாவூரில் லாரி வாடகை ஏறுமோ என்று கவலைப்படவேண்டிய நிலைமையில் இருக்கிறோம். இதிலிருந்து மீள ஒரு மார்க்கம் தென்படும்போது அதை வேண்டாமென்று தள்ளுவது விவேகமாகாது. ஆனால் மார்க்கம் நல்லது என்பதற்காக, அதில் நம்மை அழைத்துச் செல்பவர்களிடம் கணக்குக் கேட்கக்கூடாது என்று ஏற்படாது. மின்சார வண்டிகளுக்கு மத்திய சர்க்கார் சகாயம் செய்யத் தொடங்கியது முதல், யாருடைய பணம் யாருக்குப் போயிருக்கிறது?

முதலில் வரியை எடுத்துக்கொள்வோம். 2019 ஆகஸ்டில் மின்சார வண்டிகளின் மீதான ஜி.எஸ்.டி. நூற்றுக்கு 12-லிருந்து 5 ஆகக் குறைக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 22-ந் தேதி அமுலுக்கு வந்த புதிய விகிதங்களின்படி சிறிய பெட்ரோல் கார்களுக்கும், 350 சி.சி. வரையுள்ள மோட்டார் சைக்கிள்களுக்கும் 18 வீதம். பெரிய கார்களுக்கு 40 வீதம். மின்சார வண்டிக்கு மட்டும் பழைய 5 வீதமே நீடித்தது. அதன் விலை 10 லட்சமானாலும் சரி, 1 கோடியானாலும் சரி, ஒரே விகிதந்தான்.

இதன் பலனைப் பாருங்கள். வீடு வீடாகப் பால் ஊற்றும் ஒருவர், வரி நீங்கலாக 80,000 ரூபாய் விலையுள்ள மோட்டார் சைக்கிளை வாங்கினால் 14,400 ரூபாய் வரி கொடுக்கிறார். ஒரு கோடி ரூபாய் மின்சாரக் காரில் பவனி வரும் சீமான் கொடுப்பது 5 லட்சம். அதே விலைக்கு அவர் பெட்ரோல் கார் வாங்கியிருந்தால் 40 லட்சம் கொடுத்திருக்கவேண்டும். ஆகவே அந்த ஒரு மனிதருக்காகப் பொக்கிஷம் விட்டுக்கொடுப்பது 35 லட்சம். 240 பால்காரர்களுக்கு மேற்பட்டவர்கள் செலுத்தும் வரிக்கு இது சமானம். இதற்குத் தேச நன்மை என்று பெயர்!

புதிய யந்திரத்தைப் பணக்காரர் முதலில் வாங்கினால்தான் விலை இறங்கிப் பிறகு ஏழைக்கும் எட்டும் என்று சிலர் சமாதானம் சொல்லுகிறார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இந்த வழியில் உலகத்துக்கே முன்னோடியான நார்வே என்ன செய்தது? 2024-ல் அந்நாட்டில் விற்பனையான புதுக் கார்களில் நூற்றுக்கு 89 பங்கு மின்சாரக் கார்கள். அது எண்ணெய் விற்றுச் செல்வம் சேர்த்த தேசம். அதன் மின்சாரமோ பெரும்பாலும் நீர்வீழ்ச்சிகளிலிருந்து கிடைப்பது. அவ்வளவு வசதி படைத்த நாடும், 2023 முதல், 5 லட்சம் குரோனருக்கு மேற்பட்ட விலைப் பகுதிக்கு 25 வீதம் வரி போட ஆரம்பித்தது. சலுகை அவசியமில்லாதவருக்குச் சலுகை எதற்கு என்ற சாதாரண நியாயமே அதற்குக் காரணம். தனிமனிதர் வாங்கும் கார்களுக்கு நேரடி மானியம் கிடையாது என்று நம் சர்க்கார் வைத்திருப்பது மெச்சத்தக்கதே. ஆனால் வாசல் வழியாக மறுத்ததை வரிச் சலுகை என்னும் கொல்லைப்புற வழியாகக் கொடுத்தால் என்ன பிரயோஜனம்?

இதனுடன் இன்னொரு விஷயமும் சேர்ந்திருக்கிறது. பெட்ரோலும் டீசலும் ஜி.எஸ்.டி.க்கு உட்படாதவை. அவற்றின் மீது மத்திய சர்க்கார் கலால் வரியும், ராஜ்ய சர்க்கார்கள் விற்பனை வரியும் வாங்குகின்றன. மின்சாரக் காரின் சொந்தக்காரர் இந்த வரிகளைச் செலுத்துவதில்லை. அவருடைய கனத்த வண்டியும் அதே சாலையைத்தான் தேய்க்கிறது. நாளைக்கு இந்த வருமானம் குறையும்போது பள்ளத்தை நிரப்பப்போவது யார்? புது வண்டி வாங்க வகையில்லாமல் பழைய ஸ்கூட்டரிலேயே போகிறவரிடம் இன்னும் ஒரு ரூபாய் கூட்டி வாங்குவதுதான் எந்த நிதி மந்திரிக்கும் சுலபமாகத் தோன்றும். வண்டியின் கனத்தையும் ஓடும் தூரத்தையும் கொண்டு வரி விதிப்பதற்கு இப்போதே ஏற்பாடு தொடங்காவிட்டால், அந்தச் சுலபமான வழியே நிலைத்துவிடும் என்று அஞ்சுகிறோம்.

நிலக்கரியை எரித்து மின்சாரம் செய்து கார் ஓட்டுவதில் என்ன லாபம் என்ற கேள்வி அடிக்கடி கிளப்பப்படுகிறது. நம் மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு நிலக்கரியிலிருந்து வருவது மெய்யே. ஆனால் பெட்ரோல் என்ஜின் தான் குடிக்கும் எண்ணெயில் கால் பங்கு சக்தியைத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கிறது. மின்சார மோட்டாரில் அப்படி விரயமில்லை. நிலக்கரியோ பெரும்பாலும் நம் மண்ணில் கிடைப்பது. இந்த ஆட்சேபத்துக்கு இதற்குமேல் இடம் கொடுக்கவேண்டியதில்லை.

சுதேசிக் கணக்குத்தான் நம்மை அதிகமாக வருத்துகிறது. எண்ணெய்க்கு அரேபியாவை நம்பியிருந்தவர்கள் பாட்டரிக்குச் சீனாவை நம்பினால் எஜமானன் மாறினானே தவிர அடிமைத்தனம் மாறவில்லை. உள்நாட்டில் பாட்டரி செய்வதற்காக 2021-ல் 18,100 கோடி ரூபாய்த் திட்டம் வகுக்கப்பட்டது. அப்படியிருந்தும் 2023-ல், இறக்குமதிச் சாமான்களைப் பூட்டி நிபந்தனையை மீறியதாகச் சொல்லி, வாங்கிய மானியத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி சில கம்பெனிகளுக்கு உத்தரவிடவேண்டியதாயிற்று. அவ்வருஷம் ஜூனில் இருசக்கர வண்டிகளுக்கான மானியம் குறைக்கப்பட்டதும், மே மாதத்தில் விற்றதில் பாதிகூட விற்கவில்லை. ஊன்றுகோலை எடுத்தவுடன் தள்ளாடும் தொழிலைச் சொந்தக் காலில் நிற்கிறதென்று எப்படிச் சொல்லுவது?

2025 ஏப்ரலில் அபூர்வ உலோகங்களையும் அவற்றால் செய்த காந்தங்களையும் ஏற்றுமதி செய்வதற்குச் சீனா கட்டுப்பாடு விதித்தது. நம் தொழிற்சாலைகள் திகைத்தன. அந்த உலோகங்கள் நம்மிடம் இல்லையா? கன்னியாகுமரி ஜில்லா மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் இருப்பதை ஒரு ஜெர்மன் ரசாயனி 1909-ல் கண்டுபிடித்தார். காஸ் விளக்கு மாண்டில் செய்வதற்காக அம்மணல் சீமைக்குக் கப்பலேறியது. நூறு வருஷத்துக்கு மேலாகியும் மணல் நம்முடையதாகவும், காந்தம் பிறருடையதாகவும் இருந்து வந்திருக்கிறது. காந்தத் தொழிலுக்காக 7,280 கோடி ரூபாய் ஒதுக்க 2025 நவம்பரில்தான் சர்க்கார் முன்வந்தது. கடற்கரையைத் தோண்டுவதைக் குறித்து அங்குள்ள மீனவ ஜனங்கள் தெரிவித்துவரும் ஆட்சேபங்களைத் தேசத் துரோகமென்று தள்ளாமல் காது கொடுத்துக் கேட்கவேண்டும் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறோம்.

தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் ஒரு வியட்நாம் கம்பெனியின் மின்சாரக் கார்த் தொழிற்சாலை திறக்கப்பட்டது. மகிழ்ச்சியே. ஆனால் கோயமுத்தூரிலும் அம்பத்தூரிலும் பிஸ்டன், வால்வு, கியர் கடைந்து ஜீவிக்கும் பட்டறைகளின் கதி என்ன? மின்சார மோட்டாருக்குப் பிஸ்டன் கிடையாது. மோட்டார்த் தொழிலுக்காக 2021-ல் அறிவித்த 25,938 கோடி ரூபாய் ஊக்கத் திட்டத்தில் உறுப்புகள் செய்கிறவர் சேரவேண்டுமானால், அவருடைய குழும வருமானம் 500 கோடியாவது இருக்கவேண்டும் என்று விதி. பத்துக் கடைசல் யந்திரங்களோடு இருபது பேருக்கு வேலை கொடுக்கும் பட்டறைக்காரர் அந்த வாசலை மிதிக்கத்தான் முடியுமா?

பணத்தைச் செலவிடவேண்டிய இடம் தெரியாமலில்லை. நாள் முழுதும் ஓடும் வண்டியை மாற்றினால்தான் எண்ணெய் மிச்சமாகும். நம் நாட்டில் புதிதாக விற்கும் மூன்று சக்கர வண்டிகளில் பாதிக்கு மேல் மின்சார வண்டிகளாகிவிட்டன. ஓட்டுகிறவர் அன்றாடச் செலவைக் கணக்குப் பார்த்து மாறிக்கொண்டார். 2024 அக்டோபரில் ஆரம்பித்த 10,900 கோடி ரூபாய்த் திட்டத்தில் 14,028 பஸ்களுக்காக 4,391 கோடி ஒதுக்கியிருப்பதே சிறந்த அம்சமென்பது நம் அபிப்பிராயம். சென்னையில் 2025 ஜூன் 30-ந் தேதி 120 மின்சார பஸ்கள் ஓடத் தொடங்கின. அத்தகைய பஸ் ஒன்றில் ஒரே நாளில் ஏறி இறங்குகிறவர் எத்தனை பேர், ஒரு கோடி ரூபாய்க் காரில் ஏறுகிறவர் எத்தனை பேர்?

விலையுயர்ந்த மின்சாரக் கார்களுக்கு வரியை உயர்த்தும் யோசனை 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்ஸில் கூடியபோது பிரஸ்தாபத்தில் இருந்தது. கவுன்ஸில் அதை ஏற்கவில்லை. ராஜ்ய நிதி மந்திரிகள் அதை மறுபடியும் கிளப்பவேண்டும். விலைக்கு ஒரு வரம்பு கட்டி, அதற்கு மேற்பட்டதற்குப் பெட்ரோல் கார் கொடுக்கும் வரியையே வாங்கி, வரும் தொகையைப் பஸ்களுக்கும் சிறு பட்டறைகள் புதுத் தொழிலுக்கு மாறுவதற்கும் ஒதுக்குமாறு சென்னை சர்க்காரே அந்தப் பிரேரணையைக் கொண்டுபோகலாம்.