புகைமூட்டத்தில் என்ன கலந்திருக்கிறது?

2005 ஆகஸ்ட் 11 அன்று கோலசிலாங்கூரிலும் கிள்ளான் துறைமுகத்திலும் மலேசிய அரசாங்கம் புகைமூட்ட அவசரநிலையை அறிவித்தது. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு அங்கே 500-ஐத் தாண்டியிருந்தது. அதன் பிறகு அளவீட்டு முறை முன்னேறியிருக்கிறது. 2018 ஆகஸ்டிலிருந்து 2.5 மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட நுண்துகள்களும் குறியீட்டில் கணக்கிடப்படுகின்றன. ஆனால் துகள்களைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு இன்னும் எடைக் கணக்குதான். ஒரு கனமீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் தூசு என்பதை அது சொல்லும். அந்தத் தூசு எதனால் ஆனது என்பதைச் சொல்லாது. கடலிலிருந்து வந்த உப்பும் கரிச்சதுப்பு நிலம் எரிந்து வந்த புகையும் தராசில் ஒன்றாக நிற்கலாம், நுரையீரலில் ஒன்றாக நிற்பதில்லை. வட சிலாங்கூர்க் காற்றின் துகள்களை வேதியியல் அடிப்படையிலும் தொடர்ந்து ஆராய வேண்டும். அதிலும், நீரின் மேற்பரப்பு இழுவிசையைத் தளர்த்தும் சர்ஃபேக்டன்ட் வகைப் பொருள்களை ஆராய்ச்சியாளர்களின் விருப்பத்துக்கு விட்டுவிடாமல், வழக்கமான கண்காணிப்பிலேயே சேர்க்க வேண்டும்.

இந்தப் பொருள்களின் மூலக்கூறுக்கு ஒரு முனை நீரை நாடும், மறுமுனை எண்ணெயை நாடும். சவர்க்காரம் அழுக்கைப் பிரிப்பது இந்த இரட்டைக் குணத்தால்தான். காற்றுத் துகளின் மேல் இவை படிந்தால் துகள் ஈரத்தோடு பழகும் விதமே மாறுகிறது. சுவீடன் வானிலையாளர் ஹில்டிங் கோலர் 1936-இல் வெளியிட்ட கோட்பாட்டின்படி, மேற்பரப்பு இழுவிசை குறையக் குறைய நீர்த்துளி உருவாவது எளிதாகும். மேகத்தில் இந்த விளைவு எவ்வளவு பெரியது என்பதில் விஞ்ஞானிகளிடையே இன்னும் வாதம் நடக்கிறது. எனக்கு அதைவிட முக்கியமாகப்படுவது உடல்நலம். நுரையீரலின் காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காப்பது, உடலே சுரக்கும் ஒரு சர்ஃபேக்டன்ட் படலம். கண்ணை மூடியிருக்கும் நீர்ப்படலமும் இத்தகைய சமநிலையில்தான் நிற்கிறது. வெளியிலிருந்து அதே குணமுள்ள பொருள்கள் நுண்துகள்களில் ஏறி உள்ளே போகும்போது அந்தச் சமநிலை குலையக்கூடும் என்ற கவலைக்கு அடிப்படை இருக்கிறது.

இந்த வட்டாரத்தில் அவை வரக்கூடிய வழிகளோ ஏராளம். வட சிலாங்கூர்க் கரிச்சதுப்புக் காடு சுமார் 80,000 ஹெக்டேர் பரப்புள்ளது. கால்வாய் வெட்டி நீரை வடித்தால் நிலத்தடி நீர் இறங்குகிறது; உலர்ந்த கரிநிலம் தீப்பிடித்தால் சுவாலை இல்லாமல் மண்ணுக்கடியில் நாள்கணக்கில் புகைந்துகொண்டே இருக்கும். 2012-லும் 2014-லும் ராஜா மூசா வனக்காப்பகத்தில் இப்படித்தான் எரிந்தது. அரைகுறையாக எரிவதால் வரும் இந்தப் புகையில் மட்கு அமிலத்தை ஒத்த கரிமச் சேர்மங்கள் நிறைய. அவற்றில் பல சர்ஃபேக்டன்ட் குணமுள்ளவை. தஞ்சோங் காராங் வயல்களில் எரிக்கப்படும் வைக்கோல், மலாக்கா நீரிணையிலிருந்து தெறிக்கும் உப்புத்துளி, சாலை வண்டிகளின் புகைக்கரி எல்லாமே இதில் சேரும்.

இதை அளக்கும் திறமைக்கு நாம் வெளிநாட்டைப் பார்க்க வேண்டியதில்லை. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் முகமட் தாலிப் லத்திப், பிரிட்டனின் பீட்டர் பிரிம்பிள்கோம்புடன் இணைந்து 2004-லேயே காற்றுத் துகள்களில் உள்ள சர்ஃபேக்டன்ட்கள் பற்றிய ஆய்வை வெளியிட்டவர். பிறகு அவரது குழுவினர் கோலாலம்பூர், பாங்கி வட்டாரங்களில் துகள்களைச் சேகரித்து ஆராய்ந்தார்கள். 2014-இல் சிலாங்கூர் ஆற்று முகத்துவார நீரிலும் இந்தப் பொருள்கள் பரவியிருக்கும் விதத்தைப் பதிவு செய்தார்கள். முறையும் எளிமையானது. வடிதாளில் சேர்ந்த தூசை நீரில் கரைத்து, மெத்திலீன் நீலச் சாயம் கலந்தால், எதிர்மின் சர்ஃபேக்டன்ட்கள் சாயத்தோடு பிணைந்து குளோரோஃபார்முக்குள் இறங்கும். அதன் நிறச்செறிவை ஒளிமானியில் பார்த்தால் அளவு கிடைக்கும். ஒரு சாதாரணப் பல்கலைக்கழக ஆய்வகமே இதைச் செய்துவிடலாம்.

இதற்கு வரும் மறுப்புகளில் இரண்டு கனமானவை. துகளின் எடையில் இவை மிகச் சிறிய பங்குதானே என்பது ஒன்று. உண்மைதான். ஆனால் இவை மேற்பரப்பில் வேலை செய்யும் பொருள்கள், சிறிதளவே போதும். இழுவிசையை மாற்ற எடை தேவைப்படுவதில்லை. மற்றது, மெத்திலீன் நீலம் எந்தச் சேர்மம் என்று பிரித்துச் சொல்லாது, மட்கு அமிலத்தையும் தொழிற்சாலைச் சவர்க்காரத்தையும் ஒரே தொகையாகக் காட்டும் என்பது. இதுவும் சரி. ஆகவேதான் மர எரிப்பைக் காட்டும் லெவோகுளுகோசன், பொட்டாசியம், கடலைக் காட்டும் சோடியம் ஆகியவற்றோடு சேர்த்து இதை அளக்க வேண்டும் என்கிறேன். அப்படி அளந்தால், புகை மூளும்போது உயிர்ப்பொருள் எரிந்ததா, கடலா, வண்டிகளா என்று பங்கு பிரிக்க முடியும். காற்றின் திசையையும் பார்த்தால் சுமத்ராவுக்கும் நம் பக்கத்துக் கரிநிலத்துக்கும் உள்ள பங்கையும் ஓரளவு கணிக்கலாம். தீயை அணைப்பதை விட்டுவிட்டு வேதியியல் பேசுவதா என்று கேட்பவர்களுக்கும் பதில் இதுதான். எது எரிந்தது என்று தெரியாமல் யாரிடம் பொறுப்புக் கேட்பது?

தோட்டப்புறத்துக்கு இன்னொரு நியாயமும் உண்டு. செம்பனைத் தோட்டங்களில் மருந்தடிக்கும் வேலை காலங்காலமாகப் பெரும்பாலும் பெண்கள் தலையில் விழுந்தது. பாரகுவாட் களைக்கொல்லி 2020 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டது பெரிய வெற்றி. ஆனால் களைக்கொல்லியின் பெயரைப் பார்த்த அளவுக்கு, அது இலையில் ஒட்டுவதற்காகச் சேர்க்கப்படும் சர்ஃபேக்டன்ட்டை நாம் பார்க்கவில்லை. கிளைபோசேட் களைக்கொல்லியில் கலக்கப்பட்டுவந்த பிஓஇஏ என்ற துணைப்பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2016-இல் அந்த மருந்துகளிலிருந்து விலக்கியது. தெளிப்பானிலிருந்து வரும் பெரிய துளிகள் விரைவில் நிலத்தில் இறங்கிவிடும், ஊர்க்காற்றை அவை பெரிதாகப் பாதிக்காது என்பதை ஏற்கலாம். ஆனால் தெளிப்பானை முதுகில் சுமப்பவர் மூச்சு விடுவது ஊர்க்காற்றில் அல்ல, அந்தத் துளிகளுக்கு நடுவே. பிஓஇஏவை மெத்திலீன் நீலமும் காட்டாது, ஏனெனில் அது எதிர்மின் வகை அல்ல. அதற்கு வேறு சோதனையும், தொழிலாளி சுவாசிக்கும் இடத்திலேயே பொருத்தும் சிறு மாதிரிக்கருவியும் வேண்டும்.

கோலசிலாங்கூரில் சுற்றுச்சூழல் துறையின் காற்றுக் கண்காணிப்பு நிலையம் ஏற்கெனவே இருக்கிறது. அங்கே வடிதாள் மாதிரிகளைத் தொடர்ந்து எடுத்துப் பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு அனுப்ப ஓர் ஏற்பாடும், மழை குறைந்த மாதங்களில் ராஜா மூசா அருகே இன்னொரு மாதிரிக்கருவியும் இருந்தால் முதல் ஆண்டு வேலை தொடங்கிவிடும். முடிவுகளைத் தோட்ட மருத்துவ உதவியாளர்களுக்கும் தொழிற்சங்கத்துக்கும் தமிழிலும் மலாயிலும் தர வேண்டும்.