உள்ளங்கையில் ஒரு ராட்சதன்

"அம்மா, எனக்கு ஒரு கண்டம் வேணும்!" என்று உங்கள் குழந்தை கேட்டால், பதறிப்போய் ஜோசியரிடம் ஓடாதீர்கள், சகோதரிகளே! இது ஜாதகத்தில் வரும் கண்டம் அல்ல. ஜப்பானிலிருந்து வந்த இயந்திர ராட்சதன்.

1979-ல் ஜப்பானிய டெலிவிஷனில் 'மொபைல் சூட் கண்டம்' என்ற சித்திரத் தொடர் வந்தது. டைரக்டர் யோஷியுகி டோமினோ. ஆதரவு போதாமல் 43 பகுதிகளோடு அதை முடித்துவிட்டார்கள். ஆனால் 1980 ஜூலையில் பான்டாய் கம்பெனி 300 யென் விலையில் அந்த ராட்சதனைத் துண்டு துண்டாகப் பெட்டியில் போட்டு விற்றதும், அவனுக்கு மறுஜன்மம் கிடைத்தது! கதையில் அவன் உயரம் 18 மீட்டர். பெட்டியில் 144-ல் ஒரு பங்கு. அதாவது பன்னிரண்டரை சென்டிமீட்டர்.

அந்த நாள் பெட்டிக்குக் கோந்தும் வேண்டும், வர்ணமும் வேண்டும். பிற்பாடு வந்தவற்றில், முறுக்கு மாவிலேயே காரம் கலந்து பிழிவதுபோல், பிளாஸ்டிக்கிலேயே நிறம் கலந்து வார்த்துவிடுகிறார்கள். கோந்தில்லாமல் 'டக்'கென்று பொருந்துகிறது. மூன்றாவது ரகம் ஒன்று உண்டு: 200-ல் ஒரு பங்காக, ஒன்பதே சென்டிமீட்டர் உயரத்தில், வர்ணம் பூசியே வருகிற குட்டி ராட்சதன். பொறுமை குறைந்த வீடுகளுக்கு ஏற்றவன்.

பெட்டியைத் திறந்தால், பிளாஸ்டிக் சட்டத்தில் காய்த்துத் தொங்குவதுபோல் கை, கால், தலை எல்லாம் இருக்கும். காம்பைத் திருகிப் பிய்க்கக் கூடாது. வெள்ளையாகத் தழும்பு விழும். சிறிய கட்டரால் முதலில் சற்றுத் தள்ளி ஒரு வெட்டு. பிறகு ஒட்ட ஒரு வெட்டு. ஒரே சமயத்தில் எல்லாவற்றையும் நறுக்கிக் குவிக்காதீர்கள். இடது முழங்கை எது, வலது முழங்கை எது என்று தேடவே பொழுது போய்விடும்! படத்தில் உள்ள வரிசைப்படி ஒவ்வொன்றாக வெட்டிப் பொருத்துங்கள்.

சரி, பொம்மை எப்படி? சிபாரிசுக்கு முன் நான்கு பரீட்சைகள் வையுங்கள். தாங்கலில்லாமல் நிற்கிறானா? வாளைத் தூக்கிய கை தூக்கியபடியே இருக்கிறதா? வர்ணம் ஓரத்தில் வழியாமல் இருக்கிறதா? காம்பு வெட்டிய இடம் கண்ணை உறுத்துகிறதா?

கடைசிப் பரீட்சையில்தான் வர்ணம் பூசிய ரகம் தடுமாறுகிறது. வெட்டிய இடத்தில் பூச்சு போய், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல்லை இளிக்கிறது. நிறம் கலந்து வார்த்த ரகத்தில் இந்தத் தொல்லை குறைவு; உள்ளும் புறமும் ஒரே நிறம். தவிர, மூட்டுகளை அடிக்கடி அசைத்தால் பூச்சு உராய்ந்து போகக்கூடும். அலமாரியில் நிற்க இவன் அழகன். தினசரி யுத்தத்துக்கு மற்றவனே மேல்.

மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால் வெகு ஜாக்கிரதை. சின்னத் துண்டுகள் நேரே வாய்க்குப் போகும்.

முக்கியமான விஷயம் ஒன்று. கால் கோணலாக இருக்கிறதென்று, குழந்தை தூங்கிய பிறகு நீங்கள் எடுத்துச் சரிசெய்துவிடாதீர்கள்! கோணல் கால் அதன் சொந்தச் சம்பாத்தியம். "நானே செய்தேன்" என்று அது எல்லோரிடமும் காட்டும்போது, அந்தச் சொல் உண்மையாக இருக்கட்டும்.

அண்ணனுக்கு இயந்திரம், தங்கைக்குச் செப்பு என்ற பங்கீடும் வேண்டாம். பொறுமையும் நிதானமும் உள்ள கைதான் இதற்குத் தேவை. கோலத்தில் ஒரு புள்ளி பிசகாமல் வைக்கும் கைக்கு இந்த ராட்சதன் எம்மாத்திரம்? உங்களுக்கே ஆசை வந்தால், தயங்காமல் இரண்டு பெட்டியாக வாங்குங்கள்!