வயிற்று வலிக்குப் பள்ளிக்கூடத்தையும் சோதியுங்கள்

ஜூன் பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்து மருந்துக் கடைகளில் ஓம வாட்டர் வேகமாகத் தீரும். எல்கேஜிக்கும் ஒன்றாம் வகுப்புக்கும் புதிதாகப் போகும் பிள்ளைகள் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிடுவார்கள். போனால் போகிறது என்று வீட்டில் விட்டால், பத்து மணிக்குத் தெருவில் ஓடி விளையாடிக்கொண்டிருப்பார்கள். “பாத்தீங்களா டீச்சர், அம்புட்டும் நடிப்பு” என்று தாய்மார்கள் என்னிடம் வந்து சொல்வார்கள்.

மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பைக் கேட்டு வாங்கி நடத்திவருகிறவள் நான். அந்த ‘நடிப்பு’ என்ற தீர்ப்பை நான் ஒப்புக்கொள்வதில்லை. வலி உண்மை. அதன் காரணத்தை நாம் தேடுகிற இடம்தான் தப்பு.

தேடல் எப்படிப் போகும் என்பது எனக்கு மனப்பாடம். முதலில் பாட்டி உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவார். பிறகு குடலேற்றம் என்று விளக்கெண்ணெய் தடவி நீவிவிடுவார்கள். தொக்கம் எடுக்கிறவரிடம் தூக்கிப் போவார்கள். அதற்கும் அடங்காவிட்டால் பூச்சிமேல் பழி விழும். பூச்சி இருக்கலாம்தான். அதற்காகத்தான் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியிலேயே அல்பெண்டசோல் மாத்திரை தருகிறோம். மாத்திரை போட்ட பிறகும் வலி தொடர்ந்தால் கடைசிப் படி, மதுரைக்குப் போய் ஸ்கேன். அதில் ‘குடலை ஒட்டி நெறி கட்டியிருக்கிறது’ என்று எழுதி வந்துவிட்டால் வீட்டில் அன்றைக்கு உலை வைக்க மாட்டார்கள். நல்ல ஆரோக்கியமான பிள்ளைகளின் வயிற்றிலும் இப்படிச் சின்ன நெறிகள் தெரிவது சகஜம் என்று நிதானமாக எடுத்துச் சொல்ல எல்லா டாக்டர்களுக்கும் நேரம் இருப்பதில்லை.

இது இன்றைய செல்லப் பிள்ளைகளுக்கு வந்த புது நோயும் அல்ல. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்துக் குழந்தை மருத்துவர் ஜான் ஆப்லி, நோரா நெய்ஷ் என்பவரோடு சேர்ந்து 1,000 பள்ளிக் குழந்தைகளை ஆராய்ந்து 1958-ல் கட்டுரை வெளியிட்டார். ஏறக்குறைய பத்தில் ஒரு பிள்ளைக்கு இப்படி விட்டுவிட்டு வரும் வயிற்று வலி இருந்தது. பெரும்பாலானவர்களுக்கு உடலில் நோய் எதுவும் தென்படவில்லை. தொப்புளைவிட்டு வலி எவ்வளவு தள்ளியிருக்கிறதோ, அந்த அளவுக்கு உடல்நோய் இருக்க வாய்ப்பு அதிகம் என்று ஆப்லி சொன்ன விதியை மருத்துவர்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

ஆகவே டாக்டரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, எடை குறைவது, மலத்தில் ரத்தம், பச்சை நிறத்தில் வாந்தி, விடாத காய்ச்சல், சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், அடிவயிற்றின் வலப்பக்கமே நிலைத்து நிற்கும் வலி: இவற்றில் ஒன்று இருந்தாலும் ஓம வாட்டர் பாட்டிலை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

இவை எதுவும் இல்லாத பிள்ளைகளைப் பற்றியே என் பேச்சு. நம் குடலில் மட்டும் 10 கோடிக்கு மேற்பட்ட நரம்பு அணுக்கள் உண்டு. அவை வேகஸ் நரம்பு வழியாக மூளையோடு ஓயாமல் பேசிக்கொண்டிருக்கின்றன. பயந்தால் குடலின் அசைவு மாறும். சாதாரண அசைவும் வலியாக உறைக்கும். பரீட்சையன்று காலையில் நமக்கு வயிறு கலங்கியதே, அது நடிப்பா? பெரியவர்கள் இடம் பிரித்துச் சொல்வோம். ஐந்து வயதில் பயம், பசி, மலச்சிக்கல் மூன்றுக்கும் பிள்ளையின் கை போகிற இடம் தொப்புள்தான்.

இதில் பசியை ஓரளவு சமாளித்துவிட்டோம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் எங்கள் மதுரையில்தான் தொடங்கியது; மறு ஆண்டு ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. காலையில் உப்புமாவோ பொங்கலோ உள்ளே போன பிறகு, பதினோரு மணி வாக்கில் மேசையில் கவிழ்ந்து படுக்கும் தலைகள் என் வகுப்பில் குறைந்துவிட்டன.

நாம் கண்டுகொள்ளாமல் விட்டது கழிப்பறையை. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் குடல் தானாக அசைந்து, வெளிக்குப் போகும் உணர்வு வருவது இயற்கை. அந்த நேரம் பார்த்துத்தான் வாசலில் வேன் ஹாரன் அடிக்கிறது. பிள்ளை அடக்கிக்கொண்டு ஏறுகிறது. பள்ளியில் இன்டர்வெல் மணி அடிக்கும்வரை போகக் கூடாது. மணி அடித்தால் பெரிய வகுப்புப் பிள்ளைகளின் தள்ளுமுள்ளு. உள்ளே நாற்றம், ஈரத் தரை, காலி வாளி. வீட்டில் அம்மா கழுவிவிட்டுப் பழகிய பிள்ளைக்கு, இங்கே யாரைக் கூப்பிடுவது என்று தெரியாது. எனவே மாலைவரை அடக்குகிறது. அடக்கிய மலம் இறுகுகிறது. இறுகியது வெளியேறும்போது வலிக்கிறது. அந்த வலிக்குப் பயந்து மறுநாளும் அடக்குகிறது. இந்தச் சுழலில் சிக்கிய பிள்ளைக்குத் திங்கட்கிழமை காலையில் வயிறு வலிக்காமல் என்ன செய்யும்?

என் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். மதியச் சாப்பாட்டில் பாதியை மிச்சம் வைப்பாள்; தண்ணீர் பாட்டில் வந்தபடியே வீடு திரும்பும். ஏன் தண்ணீர் குடிக்கவில்லை என்று மடியில் உட்காரவைத்துக் கேட்டபோது, “குடிச்சா ஒண்ணுக்கு வரும் டீச்சர்” என்றாள். கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் உடைந்திருந்தது; பெரிய பிள்ளைகள் கதவைத் தள்ளிப் பார்த்துச் சிரிப்பார்களாம். தாழ்ப்பாளை மாற்றினோம். வலி உடனே போகவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் லாக்டுலோஸ் சிரப் கொடுத்து, தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் கழிப்பறையில் உட்காரவைக்கச் சொன்னார். குடல் பழைய வழக்கத்துக்குத் திரும்ப மாதங்கள் ஆகும், பாதியில் மருந்தை நிறுத்தாதீர்கள் என்று தாயிடம் கண்டிப்பாகச் சொன்னார். அப்படியே ஆயிற்று.

வீட்டிலிருந்து வரும் பயமும் உண்டு. தாயும் தகப்பனும் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட, அப்பத்தாவிடம் வளரும் பிள்ளைகள் எங்கள் ஊரில் நிறைய. தான் பள்ளியில் இருக்கும்போது அப்பத்தாவும் எங்காவது போய்விட்டால் என்ன செய்வது என்ற கவலை அவர்களுக்கு. சோறு உண்ணாத பிள்ளையிடம், “இரு, டீச்சர்ட்ட சொல்லிக் கம்பால வெளுக்கச் சொல்றேன்” என்று மிரட்டும் பழக்கமும் போகவில்லை. பள்ளியில் அடிப்பதையும் மனம் நோகப் பேசுவதையும் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமே தடை செய்கிறது. எங்களைப் பூச்சாண்டி ஆக்காதீர்கள். அந்தப் பூச்சாண்டியிடம்தான் மறுநாள் காலையில் பிள்ளையை அனுப்புகிறீர்கள்.

பெற்றோர் செய்ய வேண்டியது பெரிதில்லை. அரை மணி நேரம் முன்னதாக எழுப்புங்கள். சாப்பிட்ட பிறகு அவசரப்படுத்தாமல் கழிப்பறையில் உட்காரவையுங்கள். தானே கழுவிக்கொள்ளக் கற்றுக்கொடுங்கள். ‘வலிக்குதா, சரி’ என்று நம்புங்கள். நம்பிவிட்டுப் பள்ளிக்கும் அனுப்புங்கள். வீட்டில் நிறுத்த நிறுத்தப் பயம் வளருமே தவிரக் குறையாது.

தலைமை ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ‘இன்டர்வெல்லில்தான் போகணும்’ என்ற விதியை எடுத்துவிடுங்கள். சேர்ந்த முதல் வாரத்தில் ‘அ’னா எழுதச் சொல்லும் முன், கழிப்பறையைக் கூட்டிப்போய்க் காட்டி, குழாயைத் திறக்கவும் தாழ்ப்பாள் போடவும் பழக்குங்கள். கேரளத்தில் 2019-ல் பரவிய தண்ணீர் மணி இப்போது நம் பள்ளிகளிலும் அடிக்கிறது. குடித்த தண்ணீரைக் கழிக்க இடமில்லை என்றால் அந்த மணியால் என்ன பயன்? சொற்பக் கூலிக்குப் பகுதிநேரமாக வந்துபோகும் ஒரு தூய்மைப் பணியாளரை நம்பிப் பள்ளிக் கழிப்பறைகளை விட்டிருப்பதை அரசும் மாற்ற வேண்டும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர்களே, அடுத்த கூட்டத்தில் கையெழுத்துப் போடும் முன் அந்தக் கழிப்பறைக்குள் ஒருமுறை போய்க் கதவைச் சாத்திப் பாருங்கள். நீங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தால், உங்கள் பிள்ளையின் வயிற்று வலிக்குப் பாதிக் காரணம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.