நாகசலபம் வந்தமர்ந்த வீடு



சென்ற மழைக்காலத்தில் பாறசாலைக்கு அடுத்த ஒரு சிற்றூரில், சென்னையில் குடியேறிய ஒருவரின் பூர்வீக வீட்டிற்குச் சென்றிருந்தேன். முன்வாசற் சுவரில் ஒரு சாண் அகலத்தில், செம்பழுப்பு நிறமுள்ள ஒன்று அசையாமல் ஒட்டியிருந்தது. விடுமுறைக்கு வந்திருந்த அவர் துடைப்பத்தை ஓங்கினார்.

"பாம்பு முகம் தெரிகிறதே, பாஸ்டர்! விஷமுள்ளதாயிருக்கும்."

"அடிக்காதே மக்களே, அது நாகசலபம்" என்று தாயார் தடுத்தார்.

தாயார் சொன்னதே சரி. மேற்சிறகின் நுனி நாகத்தின் தலையைப்போல் வளைந்திருப்பதால் மலையாளத்தில் அப்பெயர் வழங்குகிறது. அது கடிக்காது, கடிப்பதற்கு அதற்கு வாயே கிடையாது! புழுவாயிருந்த நாட்களில் தின்று சேர்த்த கொழுப்பைக் கொண்டே, கூட்டைவிட்டு வெளிவந்தபின் ஓரிரு வாரம் உயிர்வாழ்கிறது. பெண்பூச்சி வெளியிடும் வாசனையை இறகு போன்ற உணர்கொம்புகளால் அறிந்து, ஆண்பூச்சி இருளில் தேடி வருகிறது. முட்டையிட்டபின் பெண்பூச்சியும் மாண்டுபோகும். மத்தேயு 6:19-இல் வருவது இதுவன்று; அது துணியை அரிக்கும் சிறு பூச்சி.

1883-இல் பிரடெரிக் மூர் என்னும் ஆங்கிலேயர் இதற்கு அட்டாக்கஸ் தப்ரோபானிஸ் என்று பெயரிட்டார். தப்ரோபனே என்பது இலங்கைக்குக் கிரேக்கர் வழங்கிய பழம்பெயர். இலங்கையும் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியுமே இதன் இருப்பிடம். 1956-இல் விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர்ந்ததையும் நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டதையும் நம் பெரியவர்கள் இன்னும் பேசுகிறார்கள். இதற்கு அந்த எல்லை ஒரு பொருட்டல்ல. மரம் வேண்டும், அவ்வளவே. புழு கறுவா, கொய்யா முதலிய மரங்களின் இலையைத் தின்று, இலையைச் சேர்த்தே பழுப்புக் கூடு கட்டுகிறது. இரவில் எரியும் விளக்குதான் பூச்சியை நம் சுவருக்கு இழுத்து வருகிறது. விளக்கை அணைத்தால் போதும், துடைப்பம் வேண்டியதில்லை.

அவ்வீட்டின் பின்புறத்தில் கறுவாவும் கொய்யாவும் நின்றன. அவற்றை வெட்டி, கார் நிறுத்தச் சிமெண்டுத் தளம் போட ஆள் பேசியாகிவிட்டது.

"வருஷத்தில் பத்துநாள் நிற்கிற காருக்கா? மற்ற நாளெல்லாம் அந்த நிழலில் நான்தானே இருக்கிறேன்" என்றார் தாயார்.

மகன் மறுமொழி சொல்லவில்லை. மாலையில் மூவரும் பின்புறம் சென்றோம். கொய்யாவின் தாழ்ந்த கிளையொன்றில், காய்ந்த இலை பொதிந்த வெறுங்கூடு தொங்கிற்று. அவர் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பின்பு, "அம்மா, காரை முன்புறத்தில் மதிலோரமாய் நிறுத்தினால் உங்களுக்கு இடைஞ்சலாயிருக்குமா?" என்று கேட்டார்.