தப்பைச் சொன்னால் தப்பா?



ஒர்க் ஷாப்பில் 25 மி.மீ. வரவேண்டிய ஜாப்பை லேத்தில் 24 மி.மீ. ஆகக் கடைந்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் ஸ்கிராப்பில் போட்டவன் நான். சொன்னால் திட்டு விழுமே என்ற பயம்! நம்மில் எத்தனை பேர் இப்படி?

அமெரிக்காவில் ஹார்வர்டு வணிகப் பள்ளிப் பேராசிரியை ஏமி எட்மண்ட்சன் பல ஆண்டுகளாக ஆராய்ந்தது இந்தப் பயத்தைத்தான். அவரும் முதலில் எஞ்சினியரிங் படித்தவரே. மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல குழுவில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். வந்ததோ தலைகீழ்! நல்ல குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. காரணம், அவர்கள் மறைக்காமல் சொன்னார்கள். 1996-ல் வெளிவந்த ஆய்வு இது. பிறகு ஒரு உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்து, பயமில்லாமல் பேச முடிகிற குழுதான் கற்றுக்கொள்கிறது என்று 1999-ல் எழுதினார்.

அதற்காக வேலையில் தரம் குறையலாம் என்று அவர் சொல்லவில்லை. தரமும் வேண்டும், பயமும் போகவேண்டும் என்கிறார். 'எனக்கும் தப்பு வரும்' என்று தலைவரே முதலில் சொல்லவேண்டுமாம்.

எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். சந்தேகம் கேட்க வீட்டில் ஆள் கிடையாது. வகுப்பிலும் வாயை மூடிக்கொண்டால் எங்கே போய்க் கற்பேன்? ஆசிரியர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கேள்வி கேட்பவனைப் பார்த்து முதலில் சிரிப்பது நாம்தானே!

அடுத்த ஜாப் கெட்டால், "சார், தப்பு பண்ணிட்டேன். எங்கே விட்டேன்?" என்று கேட்கப்போகிறேன். நண்பர்களே, அன்றைக்குச் சிரிக்காமல் பக்கத்தில் நிற்பீர்களா?