குழியும் கிணறும்

மாரி பிறந்தால் யாழ்ப்பாணக் குடாநாட்டு வீடுகளிலே ஒரு புலம்பல் எழும். மலசலகூடத்தில் ஊற்றிய நீர் இறங்க மறுக்கும். குளியலறையில் நாற்றம் மேலேறும். "குழாய் அடைத்துவிட்டது" என்பார் வீட்டுக்காரர். உடனே ஒரு போத்தல் அமிலம் வாங்கி ஊற்றுவார். அது பலிக்காவிடில் ஓர் ஏழைத் தொழிலாளியைத் தேடிப் பிடித்துக் குழிக்குள் இறக்குவார். முன்னது அறியாமை, பின்னது குற்றம்.

அடைப்பு எங்கே என்று அறியப் பெரும் படிப்பு வேண்டியதில்லை. ஓரிடத்தில் மாத்திரம் நீர் தேங்கினால் குறை அதன் கிளைக் குழாயில். எல்லா இடத்திலும் ஒருங்கே தேங்கினால் தலைக்குழாயில், அல்லது அதற்கும் அப்பால். வளவிலுள்ள பரிசோதனைக் குழியின் மூடியைத் திறந்து பார்க்கட்டும். அது வறண்டிருந்தால் அடைப்பு வீட்டுக்கும் அதற்கும் இடையே உள்ளது. நீண்ட கம்பியால் அதனைத் தள்ளிவிடலாம். நிரம்பியிருந்தால் குறை தொட்டிப் பக்கம். அமிலமோ துணியையும் மரவேரையும் கரைப்பதில்லை. தொட்டியிலே கழிவைச் சிதைக்கின்ற நுண்ணுயிர்களையே கொல்லும்.

ஆனால் மாரியில் வரும் அடைப்புப் பலவேளைகளில் அடைப்பே அன்று. ஐப்பசி கார்த்திகை மழையில் நிலத்தடி நீர் மேலெழ, ஊறுகுழி அதில் மூழ்குகிறது. பவுசர் வந்து உறிஞ்சிச் சென்றாலும் சில நாட்களில் குழி மீண்டும் நிரம்புகிறது. உறிஞ்சியவனை வீட்டுக்காரர் வைகிறார். குழியை நிரப்பியது எது? பத்துப் பாகத்துக்கு அப்பால் அவரது கிணற்றிலே நிற்கும் அதே நீர்தான்!

நமது நிலம் சுண்ணாம்புக் கல். வெடிப்பும் பொந்தும் நிறைந்த அக்கல்லின் உள்ளே, உவர்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படையே நமது ஆஸ்தி. வற்றாத ஆறு நமக்கு இல்லை. யாழ் நகரத்துக்கு நிலத்தடிக் கழிவுக்குழாய்த் தொகுதியும் இல்லை. ஆகவே, அடித்தளம் இடாத குழியிலே விழுவது மண்ணில் வடிபடுமுன்னரே வெடிப்பு வழியாகக் கிணற்றைச் சேர்கிறது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி. நமது கிணறுகள் பலவற்றில் அவ்வெல்லை மீறப்பட்டிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. போத்திற்பால் குடிக்கும் கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க இயலாது போவது இதனாலேயே. கமக்கார அன்பர்கள் கோபிக்கலாகாது: வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் அளவு மீறி இடும் யூரியாவுக்கும் இதிலே பங்குண்டு.

இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொணரும் யோசனையைக் கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தனர். அவர்களது அச்சம் நியாயமானதே. பின்னர் 2024 இல் தாளையடியிலே கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நல்லது. ஆனால் வீட்டுக்கு வரும் ஒவ்வொரு வாளி நீரும் கழிவாகி எங்கே போகும்? அதே குழிக்கே போகும். நீர் தரும் திட்டத்தைப் பேசும் நம் தலைவர்கள் கழிவகற்றும் திட்டத்தை ஏன் பேசுவதில்லை? அதிலே மேடைக்கேற்ற மணம் இல்லைப் போலும்!

குழிக்குள் இறங்குபவனைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூடிக்கிடந்த தொட்டியிலே ஐதரசன் சல்பைட்டு வாயு தேங்கி நிற்கும். சில மூச்சுகளில் ஆள் விழுவான். காப்பாற்றக் குதிப்பவனும் விழுவான். ஒரு பகுதியாரைச் சாதியின் பெயரால் தலைமுறை தலைமுறையாக இத்தொழிலிலே நிறுத்திய சமூகம் நாம். பிறரிடம் சமத்துவம் கேட்கும் நாம், ஆயிரம் ரூபாவைக் காட்டி ஒருவனை அந்த நஞ்சுக்குள் அனுப்பலாமா?

உள்ளூராட்சி சபைகள் நம்மவர் கையிலேதான் உள்ளன. கட்டட அனுமதி கேட்டு வருபவரிடம் அடித்தளமிட்ட, இரண்டு அறை கொண்ட தொட்டியைக் கட்டாயப்படுத்தக் கொழும்பின் தயவு வேண்டியதில்லை. பவுசர் உறிஞ்சியதை எங்கே கொட்டுகிறது என்று உறுப்பினர்கள் சபையிலே கேட்கட்டும். அடுத்த மாரிக்கு முன்னர் அதற்கு விடை வரவேண்டும்.