குற்றவாளி கார்புரேட்டர் அல்ல

1980களில் வந்த டொயோட்டா பிக்கப்பை அமெரிக்காவில் இன்றும் பலர் விடாமல் ஓட்டுகிறார்கள். அதற்கு, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஊதும் டர்போ பொருத்தலாமா என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "கார்புரேட்டர் வண்டிக்கு டர்போ ஒத்துவராது. முதலில் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷனுக்கு மாற்று. இல்லையென்றால் எஞ்சின் போய்விடும்." பழுது பார்க்கும் கொட்டகைகளில் இது கேள்வி கேட்க முடியாத வாக்காகவே நிலைத்துவிட்டது. நான் இதை ஏற்கவில்லை. எஞ்சின்கள் போனது உண்மை. ஆனால் பழி தவறான பாகத்தின் மேல் விழுந்திருக்கிறது.

அந்த பிக்கப்பில் இருப்பது 22ஆர் என்ற நான்கு சிலிண்டர் எஞ்சின். 2,366 சிசி, இரும்பு பிளாக், 100க்கும் சற்றுக் குறைவான குதிரைத்திறன், 9:1 கம்ப்ரெஷன் (பிஸ்டன் கலவையை அமுக்கும் விகிதம்). உழைப்புக்குப் பெயர்போனது, வேகத்துக்கு அல்ல. கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரம் சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல்மட்டத்துக் காற்றழுத்தத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு அங்கே இல்லை. பின்னால் சுமையை ஏற்றிக்கொண்டு அதற்கும் மேலே மலையேறும் வண்டிக்கு, இழந்த காற்றைத் திருப்பித் தரச் சொல்லி டர்போவைக் கேட்பது ஆடம்பரம் ஆகாது.

கார்புரேட்டரும் டர்போவும் சேராது என்பவர்கள் 1962ஆம் ஆண்டைப் பார்க்க வேண்டும். டர்போவோடு விற்பனைக்கு வந்த முதல் இரண்டு கார்களும் அந்த ஆண்டு அமெரிக்காவில்தான் வந்தன: ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், செவர்லே கார்வேர் மோன்சா ஸ்பைடர். இரண்டுமே கார்புரேட்டர் வண்டிகள். கார்வேரின் எஞ்சின் 145 கன அங்குலம், அதாவது கிட்டத்தட்ட 2,376 சிசி. 22ஆர் எஞ்சினுக்கும் அதற்கும் கொள்ளளவில் சுமார் பத்து சிசிதான் வித்தியாசம்! டர்போ இல்லாத கார்வேரில் அதிகபட்சம் 102 குதிரைத்திறன். டர்போவோடு, அந்தக் காலக் கணக்குப்படி, 150. பிறகு 1978இல் பியூக்கின் வி6, 1980இல் இரட்டை டெலோர்ட்டோ கார்புரேட்டரோடு 210 குதிரைத்திறன் தந்த லோட்டஸ் எஸ்ப்ரி டர்போ, 1981இல் ஒற்றை வெபரோடு மசெராட்டி பைடர்போ என்று வரிசை நீள்கிறது. இவையெல்லாம் தொழிற்சாலையில் செய்து, ஷோரூமில் வைத்து விற்ற வண்டிகள்.

"அழுத்தம் வந்தால் கார்புரேட்டர் வேலை செய்யாது" என்பது அடுத்த வாதம். கார்புரேட்டரை எங்கே வைக்கிறோம் என்று கேட்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. டர்போவுக்கு முன்னால் வைத்தால் அதற்கு அழுத்தமே தெரியாது. வழக்கம்போலக் காற்று அதன் வழியே உறிஞ்சப்படும். கார்வேரும் பியூக்கும் இந்த வழியில்தான் போயின. இதற்கு விலையும் உண்டு. ஆக்சிலரேட்டரை விடும்போது டர்போவின் தண்டு வழியாக ஆயில் உறிஞ்சப்படும் என்பதால் கார்பன் சீல் வைத்த டர்போ வேண்டும். குளிர் நாளில் பெட்ரோல் குழாய்ச் சுவரில் படிந்து தங்கும். இடையில் இன்டர்கூலர் வைக்க நினைக்கவே கூடாது. அது பெட்ரோல் ஆவி நிரம்பிய பெட்டி ஆகிவிடும்.

டர்போவுக்குப் பின்னால் வைப்பது இரண்டாவது வழி. லோட்டஸும் மசெராட்டியும் எடுத்தது. இங்கே டர்போ ஊதும் காற்று கார்புரேட்டருக்குள்ளேயே அழுத்தத்தோடு நுழைகிறது. எஞ்சின்கள் செத்த இடமும் இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். டர்போ சதுர அங்குலத்துக்கு 6 பவுண்ட் அழுத்தத்தில் ஊதுகிறது (இதைத்தான் பூஸ்ட் என்பார்கள்) என்று வையுங்கள். ஃப்ளோட் இருக்கும் பவுலுக்குள்ளும் அதே 6 பவுண்ட் நிற்கும். எஞ்சினோடு வந்த பழைய மெக்கானிக்கல் பம்ப் பெட்ரோலைத் தள்ளுவதோ 4 பவுண்ட் அளவில். ஆறை எதிர்த்து நாலு எப்படி உள்ளே போகும்? பவுலில் பெட்ரோல் இறங்குகிறது, கலவையில் பெட்ரோல் குறைகிறது, சூடு ஏறுகிறது, பிஸ்டன் உருகுகிறது. வண்டிக்காரர் கார்புரேட்டரைத் திட்டுகிறார். தப்பு பம்பினுடையது. எலெக்ட்ரிக் பம்ப், பூஸ்ட் ஒரு பவுண்ட் ஏறினால் பெட்ரோல் அழுத்தத்தையும் ஒரு பவுண்ட் ஏற்றும் ரெகுலேட்டர், டேங்குக்குத் திரும்பும் குழாய், அழுத்தத்தில் நசுங்காத ஃப்ளோட்: இந்த நான்கும் இருந்தால் கார்புரேட்டர் தன் வேலையைச் செய்யும்.

"பழைய எஞ்சின் தாங்காது" என்பதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை மறைக்க எனக்கு விருப்பமில்லை. நம் ஊர் டீசல் லாரியில் டர்போ பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்கும். டீசலில் பிஸ்டன் அமுக்குவது வெறும் காற்றை. பெட்ரோல் எஞ்சினில் அமுக்குவது எரியத் தயாராக இருக்கும் கலவையை. அளவுக்கு மீறி அமுக்கினால், தீப்பொறி மூட்டிய நெருப்பு பரவி முடிவதற்குள் மிச்சக் கலவை தானாக வெடிக்கும். அதுதான் நாக்கிங். 9:1 எஞ்சினில் 6 பவுண்ட் ஏற்றினால், தோராயக் கணக்கில் 12.7:1 எஞ்சின் போல அது நடந்துகொள்ளும். சாதாரண பெட்ரோல் இதற்குப் போதாது. கார்வேர் இதற்காகவே கம்ப்ரெஷனை 8:1க்கு இறக்கியது. ஜெட்ஃபயர் 10.25:1ஐ விடாமல் வைத்துக்கொண்டு, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை எஞ்சினுக்குள் தெளித்துச் சமாளித்தது. பலர் அந்தத் தொட்டியை நிரப்ப மறந்தார்கள். கடைசியில் 1965இல் டர்போவைக் கழற்றிச் சாதாரணக் கார்புரேட்டர் மாட்டித் தர நிறுவனமே முன்வந்தது. இரண்டு வண்டியிலும் கார்புரேட்டர் உண்டு. ஒன்றைக் காப்பாற்றியதும் மற்றதைக் கவிழ்த்ததும் கம்ப்ரெஷன்.

நாக்கிங்கைத் தவிர்க்கத் தீப்பொறியின் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கக் கம்ப்யூட்டர் வேண்டும் என்பார்கள். கார்வேரின் டிஸ்ட்ரிபியூட்டரில், பூஸ்ட் ஏறும்போது டைமிங்கைக் குறைக்க ஒரு டயஃப்ரம் இருந்தது. அவ்வளவுதான். இன்று அதே வேலையைச் செய்யும் சிறு மின்னணுப் பெட்டிகள் கடையில் கிடைக்கின்றன.

"அப்படியானால் டொயோட்டாவே டர்போ பிக்கப்புக்கு ஏன் இன்ஜெக்‌ஷனைத் தேர்ந்தெடுத்தது?" இதுதான் இருப்பதிலேயே வலுவான கேள்வி. 1980களின் நடுவில் வந்த 22ஆர்-டிஇ எஞ்சின் 135 குதிரைத்திறன் தந்தது, அதில் இன்ஜெக்‌ஷன்தான். உறைபனியிலும் பாலைவனத்திலும் ஓட வேண்டிய, புகைச் சட்டத்தையும் தாண்ட வேண்டிய வண்டிக்கு இன்ஜெக்‌ஷன் மேலானது. அதை நான் மறுக்கவில்லை. மேலானது இருப்பதால் மற்றது முடியாது என்று ஆகிவிடாது. அந்த எஞ்சினைக் காட்டி வாதாடுகிறவர்கள் விட்டுவிடும் ஒரு விவரமும் இருக்கிறது: டொயோட்டா அதில் கம்ப்ரெஷனை 7.5:1க்கு இறக்கியிருந்தது. இன்ஜெக்‌ஷன் ஒன்றே காப்பாற்றும் என்றால் அதற்குத் தேவையே இருந்திருக்காது.

செலவு கூடும் என்பதும், பெட்ரோல் அதிகம் குடிக்கும் என்பதும் சரிதான். கலிஃபோர்னியாவில் 1976ஆம் ஆண்டு மாடல் முதலான பெட்ரோல் வண்டிகளுக்குப் புகைச் சோதனை உண்டு. மாநில அனுமதி எண் இல்லாத டர்போவை அங்கே மாட்டினால் வண்டி தேறாது. அந்தத் தடை சட்டத்தில் இருக்கிறது, கார்புரேட்டரில் இல்லை.

பொருத்த நினைப்பவர்களுக்கு: முதலில் நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் அழுத்தத்தை அளந்து பாருங்கள். 22ஆர் எஞ்சினில் டைமிங் செயினின் பிளாஸ்டிக் கைடு உடைவது எல்லோரும் அறிந்த வியாதி. அதையும் திறந்து பாருங்கள். பூஸ்டை 5, 6 பவுண்டோடு நிறுத்துங்கள். பூஸ்ட் ஏறும் நேரத்தில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 12 பங்கு காற்றுக்கு மேல் போகக் கூடாது. அதைக் காதால் கேட்டுச் சொல்ல எந்த மெக்கானிக்காலும் முடியாது. ஆகவே சைலன்சர் குழாயில் வைக்கும் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சாரையும் அதன் மீட்டரையும் முதலில் வாங்குங்கள். டர்போவை அதற்குப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.